கொப்பி பேஸ்ட்டில் மாறிப்போன ராத்தா

அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு, என் பக்கத்து வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள்.

இருவருக்கும் இருபது வயது தாண்டிவிட்டது. அதில் ஒருத்தி ஸ்கூட்டி வேறு ஓட்டுவாள்.

நான் சொல்லவில்லை... கம்ப்யூட்டர் சொல்கிறது!

பதறாதீர்கள், விளக்கமாகவே சொல்கிறேன். அந்த வீட்டாரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். பெயரை மாற்றச் சொன்னார்கள், மாற்றியிருக்கிறேன். இந்தச் சின்னத் தெருவில், எங்கள் ஒழுங்கையில் இருப்பவர்களுக்கு எப்படியும் ஆள் யாரென்று தெரியும். உங்களுக்குத் தெரியாமல் இருந்தால் சரி.

பக்கத்து வீட்டுக்காரர் றியாஸ் நானா; எனக்கு அண்ணன் மாதிரி. மனைவி நஸீமா. எங்களைப் போலவே யுத்த காலத்தில் மன்னாரிலிருந்து அகதியாக வந்து புத்தளம் கரைத்தீவில் வேரூன்றியவர்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி. அந்த வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பொட்டு. அதை அடைக்க வேண்டும் என்று இரண்டு வீட்டாரும் வருடா வருடம் பேசுவோம். அடைத்தால் எப்படிக் கறி மாற்றிக்கொள்வது?

றியாஸ் நானாவுக்கு இரட்டைப் பெண்கள். மூத்தவள் அஃப்ரா, இளையவள் ஸஹ்றா. இரட்டை என்றால் உங்கள் கண்ணுக்கு ஒரே அச்சு தோன்றும், இல்லையா? அதுதான் இல்லை. அஃப்ரா உயரம், அமைதி, அளந்து பேசுவாள். ஸஹ்றா குள்ளம். அளவாவது ஒன்றாவது!

அக்காவை ராத்தா என்று கூப்பிடுவது எங்கள் வழக்கம். கூப்பிடுவதற்குத்தான் அது உறவுமுறை. வீட்டுக்குள் அது ஒரு பதவி. வேனில் யன்னலோரம் யாருக்கு? ராத்தாவுக்கு. பெருநாளைக்கு எந்த நிறத் துணி என்று தீர்மானிப்பது யார்? ராத்தா. சண்டை வந்தால் கடைசி வார்த்தை யாருடையது? கேட்கவே வேண்டாம்.

ஒரே நாளில், ஒரே ஒப்பரேஷனில் பிறந்த இருவரில் ஒருத்திக்கு மட்டும் எப்படி இந்தப் பதவி வந்தது?

அங்கேதான் கதை இருக்கிறது.

பிள்ளைகள் பிறந்தபோது நஸீமா மயக்கத்தில். றியாஸ் நானா ஆஸ்பத்திரி வராந்தாவில். அவர் அப்போது சவூதியில் வேலை. பிரசவத்துக்கென்று லீவில் வந்தவர், ஒரு டிஜிட்டல் கெமராவோடு வந்திருந்தார். எங்கள் அகதி முகாமில் அதற்கு முன் அப்படியொரு சாமானை யாரும் கண்டதில்லை. படம் எடுத்த உடனேயே பின்பக்கத்தில் தெரியும் என்று முகாமே திரண்டு வந்து பார்த்தது.

அந்தக் கெமராவில் பதிந்த முதல் படம் அஃப்ரா. இரண்டாவது ஸஹ்றா. பிறப்புச் சான்றிதழில் திகதி மட்டும்தான் இருக்கிறது — இருவருக்கும் ஒரே திகதி. குழந்தைகளின் கையில் ஆஸ்பத்திரியில் கட்டிய துண்டு? இரண்டிலும் உம்மாவின் பெயர். ஆகவே மூத்தவள் யார் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அந்தக் கெமரா. பிறகு படங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்தன. றியாஸ் நானா ஒன்றுக்கு Afra என்றும் மற்றதற்கு Zahra என்றும் பெயர் வைத்தார். யாராவது விருந்தாளி வந்தால் திகதி வரிசையில் போட்டுக் காட்டுவார். "இது முதல் வந்தது... இது பின்னால வந்தது." தீர்ந்தது. அப்பீல் இல்லை.

அந்தக் கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது. போட்டால் வள்ளத்து எஞ்சின் மாதிரிச் சத்தம். றியாஸ் நானா இப்போது நுரைச்சோலையில் உரக்கடை வைத்திருக்கிறார். கடைக் கணக்குக்கும் உதவும் என்று ஒரு லெப்டொப் வாங்கினார். பழையதில் இருப்பதையெல்லாம் புதியதில் ஏற்றும் பொறுப்பை ஸஹ்றா எடுத்துக்கொண்டாள். ஒரு பென் டிரைவ்... கொப்பி... பேஸ்ட். வேலை முடிந்த அன்றிரவே பழையது ஒரேயடியாக மூச்சை விட்டது.

சனிக்கிழமை காலை. நான் கணவாய் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். வேலிப் பொட்டு வழியாக நஸீமாவின் குரல்.

"இஞ்ச ஒருக்கா ஓடி வாங்களேன்! இந்த ஸஹ்றா ராத்தாவாகிட்டாளாம்!"

பத்திரிகைக்கு இந்தப் பத்தியை நானே டைப் செய்து அனுப்புகிறேன். அந்த ஒரே காரணத்துக்காக எங்கள் ஒழுங்கையில் கம்ப்யூட்டர் டொக்டர் நான்தான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் கூப்பிடுவார்கள். டீவி ரிமோட் வேலை செய்யாவிட்டாலும் கூப்பிடுவார்கள். ஒருமுறை கிரைண்டருக்கும் கூப்பிட்டார்கள்.

கையைத் துடைத்துக்கொண்டு போனேன்.

சாப்பாட்டு மேசையில் புது லெப்டொப். வாப்பாவின் கதிரையில் ஸஹ்றா, காலுக்கு மேல் கால். எதிரில் அஃப்ரா, கண் சிவந்து. நஸீமாவின் கையில் அகப்பை. றியாஸ் நானா ஓர் ஓரமாக நின்று பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார் — இந்த உலகத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லாதவர் போல.

"சாச்சி, நீங்களே பாருங்க" என்றாள் ஸஹ்றா. "திகதி வரிசையில போட்டிருக்கன். முதல் படம் யாரு?"

பார்த்தேன். முதல் படம் ஸஹ்றா! இரண்டாவது அஃப்ரா.

"பழைய கம்ப்யூட்டருக்கு வயசு போய் மறதி வந்திருக்கும். இது புது மெஷின். பொய் சொல்லாது" என்றாள். பிறகு அஃப்ராவின் பக்கம் திரும்பி, "எங்க, ஒருக்கா ராத்தாண்டு கூப்பிடு பாப்பம்."

"செத்தாலும் கூப்பிட மாட்டன்!"

அளந்து பேசும் அஃப்ராவா இது? அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். படத்தின் மேல் மவுஸை வைத்து, வலப்பக்கம் அழுத்தி, அதன் முழு விபரத்தைத் திறந்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நஸீமா, வாழ்த்துக்கள். உங்களுக்கு நேத்து ஜும்ஆவுக்குப் பிறகு ரெண்டு பொம்பிளப் புள்ள பிறந்திருக்கு."

"என்ன கதைக்கிறீங்க?"

"கம்ப்யூட்டர் சொல்லுது. உருவான திகதி — நேத்து வெள்ளிக்கிழமை. ஆனா கடைசியாத் திருத்தின திகதி எத்தனையோ வருஷத்துக்கு முந்தி. பிறக்க முந்தியே திருத்தின புள்ளைகள்! எந்த உம்மாவுக்குக் கிடைக்கும்?"

றியாஸ் நானா பிளேன்டீயை மேசையில் வைத்தார். "அது நான் அந்தக் காலத்தில படத்தை நிமித்தி வச்சது, தங்கச்சி. ரெண்டு படமும் படுக்கையா இருந்திச்சி."

விஷயம் இதுதான், வாசகர்களே. ஒரு பைலை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குக் கொப்பி செய்தால், புது மெஷின் அதைப் புதிதாகப் பிறந்த குழந்தை என்றே பதிந்துவிடும். எங்கிருந்து வந்தது, எத்தனை வருடம் வாழ்ந்தது... ஒன்றும் கேட்காது. வந்த நாள்தான் பிறந்த நாள். கடைசியாகத் திருத்திய திகதியை மட்டும் பாவம் பார்த்து விட்டுவைக்கும்.

நாங்கள் புத்தளத்துக்கு வந்த புதிதிலும் இப்படித்தான். எப்போது வந்தீர்கள் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அதற்கு முன்பும் எங்களுக்கு ஒரு வாழ்க்கை இருந்தது என்பதை நாங்களாகவே சொல்லிக்கொண்டு திரிந்தோம். மெஷினை மட்டும் குறை சொல்வானேன்?

"அப்ப இந்த வரிசை?" என்றாள் அஃப்ரா.

"இது பிறந்த வரிசை இல்ல. கொப்பி பண்ணின வரிசை. இத வச்சு ஒண்டும் சொல்ல ஏலாது."

அஃப்ராவின் முகத்தில் உயிர் வந்தது. ஸஹ்றா விடுவதாக இல்லை. "அப்ப நான் இல்லையெண்டும் சொல்ல ஏலாதுதானே?" சட்டம் படித்திருக்க வேண்டியவள்.

றியாஸ் நானா கேட்டார், "உண்மையான திகதி அழிஞ்சே போச்சா, தங்கச்சி?"

"தேடிப் பாக்கிறன் நானா. திங்கக்கிழம பின்னேரம் சொல்றன்."

அந்தப் புது லெப்டொப்பையே தூக்கிக்கொண்டு வேலிப் பொட்டு வழியாக வீடு வந்தேன். கணவாயை அதற்குள் பூனை தீர்த்துவிட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை புதுச் செய்தி வந்தது.

மாம்புரியிலிருந்து ஒரு குடும்பம். மிளகாய், வெங்காயம் பயிர் செய்கிற நல்ல குடும்பம். மகனுக்குப் பெண் கேட்டு உறவுக்காரர் ஒருவர் மூலம் சொல்லியனுப்பியிருந்தார்கள். "உரக்கடை றியாஸ் நானாட மூத்த மகள்" என்று. வெள்ளிக்கிழமை பார்க்க வருகிறார்களாம்.

நஸீமாவுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. வேலிப் பொட்டில் நின்று சொல்லும்போதே கண் கலங்கியது. "அஃப்ராவுக்கு அல்லாஹ் கதவத் திறந்திட்டான்" என்றாள்.

நான் சந்தோஷப்பட்டேன். அஃப்ராவும் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை அவள் என் குசினிப் பக்கமாக வந்தாள். பாண் வெட்டிக்கொண்டிருந்த என் கையிலிருந்து கத்தியை வாங்கி, அவளே வெட்டத் தொடங்கினாள். ஒரே அளவில், ஒரே கனத்தில்.

"சாச்சி... அந்தக் கம்ப்யூட்டர் சொன்னத அப்பிடியே விட்டா என்ன?"

"எதை?"

"ஸஹ்றாதான் மூத்தவ எண்டத."

நான் சிரித்தேன். முந்தாநாள் செத்தாலும் கூப்பிட மாட்டேன் என்று கத்தியவள்! "ஏன்டி, மாப்பிள்ளையப் பாக்கக்கூட இல்ல, அதுக்குள்ள தங்கச்சிக்குக் குடுத்திட்டியா?"

அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் முகத்தைச் சரியாகப் பார்த்தேன்.

"எனக்குக் கல்வியியற் கல்லூரி கிடைச்சிருக்கு சாச்சி, டீச்சர் படிப்புக்கு. மலைநாட்டுப் பக்கம். தங்கிப் படிக்கணும். அடுத்த மாசம் போகணும்."

"அல்ஹம்துலில்லாஹ்! வீட்ட சொன்னியா?"

"ஸஹ்றாக்கு மட்டும் தெரியும். உம்மா என்ன சொல்லுவா எண்டு தெரியுந்தானே? மூத்தவ கலியாணம் முடிக்காம இருந்தா இளையவளுக்கு எப்பிடி வழி விடுறது எண்டு கேப்பா. மூத்தவளா இருக்கிறதுக்கு எனக்கு விருப்பந்தான் சாச்சி. ஆனா சின்னதில இருந்து எல்லாத்துக்கும் 'நீ மூத்தவ, விட்டுக்குடு' தானே. சைக்கிள் வாங்கேக்கயும் அதுதான். டியூஷனுக்கு ஒராள் போகலாம் எண்டப்பவும் அதுதான். இந்த ஒண்டையாவது விட்டுக்குடுக்காம இருந்தா என்ன எண்டு நினைச்சன்."

வேனில் யன்னலோரம் உட்கார்ந்தவள் என்றுதான் நான் இத்தனை காலமும் அவளைப் பார்த்திருந்தேன். அந்த யன்னலுக்கு அவள் என்னென்ன கொடுத்திருக்கிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பாண் முழுவதையும் வெட்டி முடித்துவிட்டு, கத்தியைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

நான் லெப்டொப்பைத் திறந்தேன். அவள் சொன்னது மனதில் கிடந்து உறுத்தியது. எதையாவது கண்டுபிடிக்க வேண்டும் — அல்லது எதையும் கண்டுபிடிக்காமல் இருக்க வேண்டும். எது நல்லது என்று தெரியாமலே, படங்கள் இருந்த போல்டரில் பைல்கள் வெள்ளிக்கிழமை எந்த ஒழுங்கில் 'பிறந்தன' என்று பார்த்துக்கொண்டு போனேன்.

ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது.

போல்டரை முழுதாகக் கொப்பி செய்தால் மெஷின் ஆங்கில அகரவரிசையில்தான் ஒவ்வொன்றாக எடுக்கும். A முதலில், Z கடைசியில். இங்கேயும் எல்லாப் படங்களும் அந்த ஒழுங்கில்தான் வந்திருந்தன. Afra முன்னால், மற்றப் படங்கள் அதன் பின்னால், வரிசை பிசகாமல். ஒன்றே ஒன்று மட்டும் வரிசையை உடைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நின்றது. Zahra!

கடைசியில் வர வேண்டியது முதலில் வந்தால் என்ன அர்த்தம்? யாரோ அதை மட்டும் தனியாகப் பிடித்து இழுத்து, முதலில் போட்டுவிட்டு, ஆறுதலாக மற்றதையெல்லாம் ஏற்றியிருக்கிறார்கள்.

புது மெஷின் பொய் சொல்லாது என்றாளே... மெஷின் சொல்லவில்லைதான்!

பகல் ஸஹ்றா வாப்பாவுக்குச் சோறு கொண்டுபோக ஸ்கூட்டியை வெளியே எடுத்தாள். நான் ஒழுங்கை முனையில் போய் நின்றேன்.

"உன்ட படத்தை மட்டும் தனியா இழுத்துப் போட்ட கை எது, மகள்?"

பிரேக் பிடித்தாள். ஹெல்மெட்டுக்குள் இரண்டு கண்கள் உருண்டன. மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நேரே சொன்னாள்.

"என்ட கைதான் சாச்சி. ராத்தா சொன்னாளா, காலேஜ் விஷயம்?"

"சொன்னா."

"அப்ப விளங்குந்தானே? அவ மூத்தவளா இருக்கும் மட்டும் அவள விட மாட்டாங்க. அதுதான் நான் மூத்தவளாகிட்டன். அவளுக்குத் தெரியாது. சொல்லிட்டுச் செஞ்சா விடுவாளா? நல்லாக் கத்தட்டும் எண்டுதான் விட்டன். அவ கத்தினாத்தான் உம்மா நம்புவா."

எனக்கு நெஞ்சு கொஞ்சம் இளகியது. ஆனால் இளகிய நெஞ்சுக்குள் ஒரு கணக்கு இடித்தது.

"இரு, இரு. பெண் கேட்டு ஆள் வந்தது ஞாயித்துக்கிழம. நீ படத்தை மாத்தினது வெள்ளிக்கிழம. வரப்போறாங்க எண்டு உனக்கு எப்பிடி முந்தியே தெரியும்?"

ஹெல்மெட்டின் கண்ணாடி மெதுவாகக் கீழே இறங்கியது.

"சோறு ஆறுது சாச்சி" என்று ஒரு குரல் வந்தது. ஸ்கூட்டி பறந்தது.

அன்று பின்னேரத்துக்கு முன்பே எனக்கு மீதி தெரிந்துவிட்டது. நுரைச்சோலைச் சந்தியில் யாரிடமாவது ஒரு கேள்வி கேட்டால் போதும், மூன்று பதில் வரும். மாம்புரிப் பையன் றியாஸ் நானாவின் கடைக்கு வாரத்தில் மூன்று தடவை உரம் வாங்க வருவானாம். எப்போதும் பகல் நேரத்தில். சரியாகச் சோற்றுப் பார்சல் வரும் நேரத்தில்.

வாரத்துக்கு மூன்று தடவை உரம் போட்டால் மிளகாய்க் கன்று கருகாதா? கேட்டால், பாதி கருகித்தான் விட்டதாம்!

உரக்கடைக்காரரின் மகள் என்று அவன் வீட்டில் சொல்லியிருக்கிறான். எந்த மகள் என்று கேட்காமலே அவனுடைய உம்மா முறைப்படி மூத்தவளைக் கேட்டு அனுப்பிவிட்டார். ஆள் வந்து சேருமுன்பே பையன் அதை ஸஹ்றாவின் காதில் போட்டுவிட்டான். ஆக, ராத்தாவாகிப் படிக்க வழி விட்டதும் ஸஹ்றாதான். ராத்தாவாகித் தனக்கு வழி பார்த்துக்கொண்டதும் ஸஹ்றாதான். ஒரே இழுவையில் இரண்டு மீன்.

இப்போது என் நிலையை யோசியுங்கள். தீர்ப்புச் சொல்ல வேண்டியவள் நான். உண்மையும் என் கையில் கிடைத்துவிட்டது. ஏனென்றால் கெமரா எடுத்த படத்துக்குள் இன்னொரு திகதி இருக்கிறது — படம் எடுத்த திகதி. பைலின் வெளியே எழுதியிருப்பது கொப்பி செய்தால் மாறும். உள்ளே கெமரா எழுதி வைத்தது அவ்வளவு இலேசில் மாறாது. பார்த்துவிட்டேன். அஃப்ராவின் படம்தான் முதல்.

பொய் சொல்லலாமா? யோசித்தேன். நன்றாகவே யோசித்தேன். ஒன்றும் தெரியவில்லை என்று கையை விரிக்கலாம். ஆனால் நான் எழுதுவதெல்லாம் உண்மை என்று நம்பும் நாலு பேர் இருக்கிறார்கள். அதில் ஒருவர் றியாஸ் நானா.

திங்கள் பின்னேரம். அதே மேசை. இந்த முறை கதிரையில் யாரும் காலுக்கு மேல் கால் போடவில்லை. அக்கா தங்கை இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். ஒருத்தி என்னைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினாள். மற்றவளும் கெஞ்சினாள். ஒருத்தி கெஞ்சுவது மற்றவளுக்குத் தெரியாது!

"படம் எடுத்த திகதி உள்ளுக்குள்ள இருக்கு" என்று தொடங்கினேன். "ஆனா ஒரு சிக்கல். அதன்படி இந்தப் பிள்ளைகள் பிறந்தது உங்கட கலியாணத்துக்கு முந்தி."

நஸீமாவின் கை வாய்க்குப் போனது. "அஸ்தஃபிருல்லாஹ்! யார்ட்டயும் சொல்லிராதீங்க!"

"பயப்பிடாதீங்க. நானா கெமராவில மணிக்கூட்ட சரிக்கட்டல்ல. கொம்பனியில போட்டு விட்ட திகதியிலயே ஓடியிருக்கு. திகதி பிழை. ஆனா எது முந்தி எது பிந்தி எண்டது பிழைக்காது."

"எது முந்தி?" என்றாள் நஸீமா.

தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"அஃப்ராட படந்தான் முந்தி."

அஃப்ரா தலையைக் குனிந்தாள். ஸஹ்றா என்னைப் பார்த்த பார்வையில் அந்த மிளகாய்த் தோட்டமே எரிந்தது.

"நான் அப்பவே சொன்னன்தானே" என்று நஸீமா எழும்பினாள். "வெள்ளிக்கிழமைக்கு இனிப்புக்கு வட்டிலப்பம் செய்வம்..."

"இரு" என்றார் றியாஸ் நானா.

அந்த வீட்டில் அவர் 'இரு' என்று சொல்லி நான் கேட்டதில்லை. நஸீமாவும் கேட்டிருக்க மாட்டாள் போல. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"தங்கச்சி சொன்னது சரி. படம் அஃப்ராடதுதான் முந்தி. ஆனா... படந்தான் முந்தி."

"என்ன வாப்பா சொல்றீங்க?" என்றாள் ஸஹ்றா.

"நர்ஸ் ரெண்டு புள்ளையையும் ஒண்டாத்தான் கொண்டு வந்தா. இந்தக் கையில ஒண்டு, அந்தக் கையில ஒண்டு. ஒண்டு தூங்கிச்சி, ஒண்டு கத்திச்சி. கத்தின புள்ளைய முதல் எடுத்தன். அது அஃப்ரா."

"எது மூத்தது எண்டு கேக்கல்லியா நீங்க?" என்றாள் நஸீமா.

"கேட்டன். நர்ஸ் சிங்களத்தில ஏதோ சொன்னா. எனக்கு அப்ப சிங்களம் விளங்காது. வெக்கத்தில ஓம் ஓமெண்டு தலையாட்டிட்டன். கெமராவப் பாத்தன். முதல்ல இருந்தது அஃப்ரா. அவளே மூத்தவ எண்டு வச்சிட்டன்."

வெளியே மாங்காய் விற்கிறவனின் ஒலிபெருக்கி மட்டும் ஒழுங்கையில் போய்க்கொண்டிருந்தது.

நஸீமாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வந்தது. ஆனால் அது நான் நினைத்த பக்கத்தால் வரவில்லை.

"அப்ப இவ்வளவு காலமும் இந்தப் புள்ளைக்கு நான், நீ மூத்தவ, விட்டுக்குடு, விட்டுக்குடு எண்டு..." குரல் உடைந்தது. "எதை வச்சுச் சொன்னன்?"

"பரவாயில்ல உம்மா" என்றாள் அஃப்ரா.

"பாருங்க!" என்று ஸஹ்றா பாய்ந்தாள். "இப்பவும் பரவாயில்ல எண்டு சொல்றா! அவ எப்பவும் அப்பிடித்தான். உம்மா, அவளுக்குக் காலேஜ் கிடைச்சிருக்கு. அடுத்த மாசம் போகணும். சொல்லப் பயந்து ஒளிச்சு வச்சிருக்கா."

நஸீமா அஃப்ராவைப் பார்த்தாள். பிறகு, அகப்பை இல்லாத கையால் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள்.

"அங்க குளிராமே" என்றாள். "உனக்குக் கம்பளிச் சட்டை ஒண்டும் இல்லையே, புள்ள."

அவ்வளவுதான் அனுமதி. அஃப்ரா உம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். ஸஹ்றா மற்றத் தோளில். நான் லெப்டொப்பை மூடினேன். அதற்கு இனி வேலை இல்லை.

வெள்ளிக்கிழமை மாம்புரிக்காரர்கள் வந்தார்கள். முதலில் தேநீர்த் தட்டோடு வந்தது ஸஹ்றா. பையனின் உம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஸ்கூட்டி ஓடுற புள்ள நீதானே, மகள்? என்ட மகன் உன்னப் பத்தித்தான் கதைக்கிறான். மூத்தது நீதானே?" என்று கேட்டார்.

எல்லோரும் றியாஸ் நானாவைப் பார்த்தார்கள்.

"ரெண்டும் ஒரே நாள்தான்" என்றார் அவர், வட்டிலப்பத்தைப் பார்த்தபடி. முழு உண்மை!

நிக்காஹ் நாள் குறித்தாயிற்று. பையனின் தோட்டத்தில் மிச்சமிருந்த மிளகாய் தப்பித்துக்கொண்டது. அவனுக்கு இனி உரம் வாங்கும் தேவை இல்லை.

ஒருநாள் உரக்கடை வாசலில் றியாஸ் நானாவைத் தனியாகப் பிடித்தேன்.

"நானா, நீங்க நர்ஸப் பத்திச் சொன்னது உண்மைதானா?"

அவர் ஓர் உரமூட்டையின் வாயை ஆறுதலாகத் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அந்தக் காலத்தில எனக்குச் சிங்களம் விளங்காது, தங்கச்சி. அது சத்தியம்."

மற்றதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அஃப்ராவின் கல்லூரிச் செய்தி அவருக்கு முன்பே தெரிந்திருந்ததா என்றும் கேட்கவில்லை. கடைக்கு ஆள் வந்துவிட்டது.

இதைப் படித்துவிட்டு, 'எங்கள் வீட்டுப் படங்களின் திகதி மாறாமல் ஏற்றுவது எப்படி' என்று எனக்கு எழுதப் போகிறீர்கள். எனக்குத் தெரியும். சும்மா இழுத்துப் போடாதீர்கள். திகதிகளையும் சேர்த்துத் தூக்கிவரும் ரோபோகொப்பி என்றொரு கட்டளை விண்டோஸிலேயே இருக்கிறது. கம்ப்யூட்டர் தெரிந்த யாரையாவது பிடித்துச் செய்விக்கலாம். கெமராப் படமென்றால் உள்ளே இருக்கும் 'எடுத்த திகதி'யையும் ஒருமுறை பார்த்து வையுங்கள். எல்லாம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கும்வரை பழைய மெஷினை மட்டும் சாக விடாதீர்கள்.

வீட்டில் கலியாண வயதில் பெண்கள் இருந்தால்... கொப்பி செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

அஃப்ரா கல்லூரிக்குப் போய்விட்டாள். அங்கே யாருக்கும் அவளுடைய கதை தெரியாது. மூத்தவளும் இல்லை, இளையவளும் இல்லை. இனிமேலாவது யாருக்கும் ராத்தாவாக இல்லாமல் நிம்மதியாக இருக்கட்டும் என்று நஸீமாவும் நானும் வேலிப் பொட்டில் நின்று துஆ செய்தோம்.

போன வாரம் போன் எடுத்தாள். குரலில் ஒரு புதுத் தெளிவு. குளிர் பழகிவிட்டதாம். அறையில் ஆறு பேராம். தமிழ்ப் பிள்ளைகள் அக்கா என்றும், சிங்களப் பிள்ளைகள் அக்கே என்றும், மற்றவர்கள் ராத்தா என்றும் கூப்பிடுகிறார்களாம். விடுதிக்கும் அவளைத்தான் தலைவியாகப் போட்டிருக்கிறார்களாம்.

"என்னடி செஞ்ச அங்க போய்?"

"ஒண்டும் செய்யல்ல சாச்சி. நேரமாகுது, லைட்ட அணையுங்க எண்டு ஒரே ஒரு நாள்தான் சொன்னன்."

ஒரு நாள் போதாதா!